மோட்டாரை மறந்த அம்மாவும் அண்ணியின் கவலையும்

நங்கநல்லூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 71 வயது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார். மாடித் தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிறார். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறார். பேரனைக் கூப்பிடுவதற்குள் மகன், தம்பி, எப்போதோ செத்துப்போன நாய் என்று எல்லார் பெயரும் வந்துபோகின்றன. இதையெல்லாம் அவரே நடித்துக் காட்டிச் சிரிக்கிறார், வீடும் சேர்ந்து சிரிக்கிறது. அண்ணி மட்டும், “இதுல என்ன சிரிப்பு, முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க” என்கிறார். வல்லாரை கொடுக்கலாமா என்று கடைசியில் ஒரு வரி. யார் சொல்வது சரி என்று கேட்பதுபோல் கடிதம் முடிகிறது. ஆனால் இவர் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். சிரித்துக்கொண்டே எதையாவது கோட்டைவிட்டுவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்துக்குத்தான் நான் பதில் சொல்லப் போகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. மேற்கு மாம்பலத்தில் 38 வருடம் பொது மருத்துவம் பார்த்தவன். நரம்பியல் நிபுணன் இல்லை; சளி, காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் என்று ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையைப் பார்த்த தெருமுனை டாக்டர். மறதி என்று வருகிறவர்களில் யாரைப் பெரிய டாக்டரிடம் அனுப்ப வேண்டும், யாரிடம் “வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குங்கள்” என்று சொல்ல வேண்டும் என்பதில்தான் எனக்குப் பழக்கம். உங்கள் அம்மாவை நான் பார்த்ததில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு நோய் உண்டு, இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும் சேர்த்துத்தான். எனக்கு இன்னொரு தகுதியும் உண்டு: வயது 69.

போன வருடம் ஒரு நாள் காலையில் பனகல் பார்க்கில் நடக்க ஸ்கூட்டரில் போனேன். (நடப்பதற்கு வண்டியில் போகிற விசித்திரத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.) நாலு சுற்று நடந்தேன். பழைய நண்பர் ஒருவர் கிடைத்தார். அவர் மகளின் கல்யாணப் பேச்சு சுவாரஸ்யமாகப் போக, துரைசாமி சுரங்கப்பாதை வழியாக அவரோடு பேசிக்கொண்டே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்து மணிக்குக் கிளினிக் கிளம்பினால் வாசலில் வண்டி இல்லை. திருட்டுதான் என்று முடிவு கட்டினேன். சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது. “பூட்டின வண்டியை அப்படியே தூக்கிட்டுப் போயிருக்கான் பார்” என்று மனைவியிடம் திருடனின் சாமர்த்தியத்தை வியந்தேன். காவல் நிலையத்தில் புகார் எழுத உட்கார்ந்தபோது, ஏட்டு பேனாவை நீட்டிக்கொண்டே ரொம்ப மரியாதையாக, “சார், காலைல வாக்கிங் எங்க போனீங்க?” என்று கேட்டார். நான் பதிலை முடிக்கவில்லை. அவர் பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மாம்பலத்தில் இப்படி வந்த முதல் ஆள் நான் இல்லை என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

இந்தக் கதையை முப்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன். வண்டியை எங்கே நிறுத்தினேன் என்பதை மறந்தேனே தவிர, மறந்ததை மறக்கவில்லை. இதுதான் உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலின் மையம். மறதிக் கதை சொல்வதற்கு ஞாபகம் வேண்டும். எது முதலில் நடந்தது, யார் என்ன கேட்டார், எந்த இடத்தில் உறைத்தது என்று வரிசை குலையாமல் வைத்திருக்க வேண்டும். கேட்பவருக்கு எங்கே சிரிப்பு வரும் என்று தெரிய வேண்டும். தன் அசட்டுத்தனத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கவும் வேண்டும். மூளையில் பல பாகங்கள் ஒழுங்காக வேலை செய்தால்தான் இது நடக்கும். உங்கள் கடிதத்தில் ‘நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்’ என்று இருந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

நிச்சயமாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வயதாக ஆக ஞாபகம் முழுசாகத் தேய்வதில்லை. சொல்வளம், உலக அனுபவம், கை பழகிய வேலை இவையெல்லாம் அறுபது, எழுபது வயதிலும் நன்றாகவே நிற்கும். உங்கள் அம்மாவிடம் ஒரு சமையல் பக்குவத்தைப் பற்றி விவாதம் செய்து பாருங்கள், தெரியும். மந்தமாவது தேடி எடுக்கும் வேகம். அதிலும் முதலில் அடிபடுவது பெயர்கள். முகம் தெரியும், அவர் எந்தத் தெரு, பிள்ளை எந்த ஊரில் வேலை பார்க்கிறான், போன தடவை என்ன பேசினோம் எல்லாம் தெரியும்; பெயர் மட்டும் நாக்கு நுனியில் வந்து நின்றுகொண்டு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. பெயர் என்பது ஒரு ஒட்டுச்சீட்டு, அவ்வளவுதான். மற்ற விவரங்களைப் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதில்லை, அதனால் பிடித்து இழுக்க நூல் கிடைப்பதில்லை. ராத்திரி பல் தேய்க்கும்போது அது தானாக வந்து விழும். அப்படி வந்து விழுந்தால், அது தொலையவில்லை, உள்ளேதான் இருந்தது என்று அர்த்தம்.

பேரன் பெயருக்குப் பதிலாக நாய் பெயர் வருவதில் பயப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1,700 பேருக்கு மேல் விசாரித்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆளை மாற்றிக் கூப்பிடுகிறவர்கள் கண்டபடி மாற்றுவதில்லை. குடும்பத்தாரைக் குடும்பத்தார் பெயராலும், நண்பரை நண்பர் பெயராலும்தான் மாற்றுகிறார்கள். மனசு ஒரே பெட்டியில் போட்டு வைத்த பெயர்கள் அவை. அந்தக் குடும்பப் பெட்டிக்குள் வளர்ப்பு நாயின் பெயரும் இருந்தது, பூனையின் பெயர் அநேகமாக இல்லை. ஆகவே அடுத்த முறை அம்மா பேரனை நாய் பெயரால் கூப்பிட்டால் அவனிடம் சொல்லுங்கள், பாட்டி அவனை மிகவும் வேண்டியவர்கள் பெட்டியில்தான் வைத்திருக்கிறார் என்று. இளவயதுக்காரர்களும் இதே தவறைச் செய்கிறார்கள் என்பதால் இதை முதுமையின் கணக்கில் எழுதவும் முடியாது.

நம் ஊர் மறதிக் கதைகளில் எனக்குப் பிடித்தது கொழுக்கட்டைக் கதைதான். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை சாப்பிட்டவன், பெயர் மறந்துவிடக் கூடாதே என்று “கொழுக்கட்டை, கொழுக்கட்டை” என்று சொல்லிக்கொண்டே ஊர் திரும்புகிறான். வழியில் ஒரு வாய்க்கால். “அத்திரிபாச்சா!” என்று தாண்டுகிறான். அதன் பிறகு வாயில் அத்திரிபாச்சாதான். வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் அத்திரிபாச்சா பண்ணிக் கொடு என்கிறான். அப்படி ஒன்று எனக்குத் தெரியாதே என்கிறாள் அவள். அவன் அடிக்கிறான். (சின்ன வயதில் இந்த இடத்தில் சிரித்தோம், இப்போது சிரிப்பு வரவில்லை.) பார்த்தவர்கள் “அடப்பாவி, நெற்றி கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே” என்றதும், “அதேதான்!” என்கிறான். ஞாபகம் எப்படி வேலை செய்கிறது என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் நிற்கும் தற்காலிக ஞாபகம், குறுக்கே வந்து அதைத் தள்ளிவிட்ட வேறொரு சொல், கடைசியில் ஒரு சின்னத் துப்பு கிடைத்ததும் மொத்தமும் திரும்பி வருவது, எல்லாம் அதில் இருக்கிறது. அவனுக்கு வயது இருபத்தைந்து இருக்கும், அதையும் கவனியுங்கள்.

துப்பு கொடுத்தால் வருகிறதா என்பது நாங்கள் பார்க்கிற முக்கியமான சோதனைகளில் ஒன்று. “நேற்று யாரோ வந்தாங்களே, மஞ்சள் பை வச்சுக்கிட்டு...” என்று எடுத்துக் கொடுத்தால் “ஆமா, ரமணி!” என்று பளிச்சென்று வந்தால் அது ஒரு ரகம். எவ்வளவு எடுத்துக் கொடுத்தாலும் அப்படி ஒருவர் வந்ததே தெரியாது என்றால் அது வேறு ரகம். முதலாவதில் சரக்கு அலமாரியில் இருக்கிறது, சாவிதான் அகப்படவில்லை. இரண்டாவதில் சரக்கு உள்ளே போகவே இல்லை.

மோட்டார் விஷயம் இதிலும் சேராது. அது நடந்ததை மறப்பது இல்லை, செய்ய வேண்டியதை மறப்பது. இருபது நிமிடம் கழித்து ஒரு ஸ்விட்சை அணைக்க வேண்டும் என்று மூளையின் ஓரத்தில் ஒரு ஆளை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குள் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது, கூரியர்க்காரர் மணி அடிக்கிறார், மகள் வீடியோ காலில் வருகிறாள். அந்த ஆள் தூங்கிவிடுகிறான். சென்னையில் மோட்டார் மறக்காத வீடு எது? இதற்கு மருந்தே வேண்டாம், தொட்டி நிறைந்ததும் தானாக நிற்கும் கட்-ஆஃப் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போனதும் எதற்கு வந்தோம் என்று விழிப்பதும் கிட்டத்தட்ட இந்த ஜாதிதான். வாசற்படியைத் தாண்டுவதே அந்த மறதிக்குக் காரணம் என்று அமெரிக்காவில் நாட்ர டாம் பல்கலைக்கழகத்தின் ராட்வான்ஸ்கி குழு 2011-இல் சொல்லி, அது உலகமெங்கும் பரவியது. பின்னால் ஆஸ்திரேலியாவில் 2021-இல் செய்து பார்த்தபோது அவ்வளவு தெளிவாக வரவில்லை. தலைக்குள் வேறு வேலையும் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வாசற்படி காலை வாரியது. ஆகவே வாசற்படியின் மேல் பழி போடுவதை இன்னும் சந்தேகக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். ஒரே நேரத்தில் நாலு வேலை பார்ப்பதன் மேல் பழி போடுவதில் எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது நான் சறுக்கிய கதை. அவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, சிலேடை மன்னர். வெயிட்டிங் ரூமில் அவர் உட்கார்ந்திருந்தால் உள்ளே இருக்கும் எனக்குச் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஒரு நாள் மனைவியோடு சர்க்கரை ரிப்போர்ட் காட்ட வந்தார். “காலைல என்ன டிபன்?” என்று கேட்டேன். தலையை மனைவி பக்கம் திருப்பினார். “இவளைக் கேளுங்க டாக்டர், அந்த இலாகா அவளோடது” என்றார். மூவரும் சிரித்தோம். மாத்திரை எத்தனை வேளை என்றேன். மறுபடியும் அதே திருப்பல். “நான் வெறும் விழுங்குற ஆளு, விநியோகம் மேலிடம்.” அதற்கும் சிரித்தோம். மனைவி மட்டும் இரண்டாவது தடவை கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். அதை நான் பார்த்தேன், பார்த்தும் விட்டுவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து, முப்பது வருடம் குடியிருந்த தெருவில் வீடு தெரியாமல் நின்றவரைப் பால்காரர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். கேள்வி கேட்டதும் தலையை உடன் வந்தவர் பக்கம் திருப்புவதை நாங்கள் ஓர் அடையாளமாகவே படித்திருக்கிறோம். அவருடைய ஜோக் நன்றாக இருந்ததால் நான் அதைத் தவறவிட்டேன்.

அந்த மனிதரின் சிரிப்பும் உங்கள் அம்மாவின் சிரிப்பும் வெளியிலிருந்து ஒன்றுபோல இருக்கும். உங்கள் அம்மா மறந்த சம்பவத்தை எடுத்து வைத்துச் சிரிக்கிறார். அந்த மனிதரோ சம்பவத்துக்கே போகவிடாமல் சிரிப்பால் கதவைச் சாத்தினார். முதலாவதில் விவரம் இருக்கும், இரண்டாவதில் விவரமே இருக்காது, சாமர்த்தியம்தான் இருக்கும். வீட்டில் இருக்கும் உங்களால் இதைக் கண்டுபிடிக்க முடியும், பத்து நிமிடம் பார்க்கிற டாக்டரைவிட நன்றாகவே முடியும்.

இவை இருந்தால் அண்ணி சொல்வதைக் கேளுங்கள்: அரை மணிக்குள் அதே கேள்வியை மூன்று, நான்கு தடவை கேட்பது, கேட்டோம் என்பதே தெரியாமல் இருப்பது; பழகின வழியில் திசை தெரியாமல் போவது; ஐம்பது வருடம் வைத்த ரசத்தில் எதற்குப் பிறகு எது என்று தடுமாறுவது; சில்லறைக் கணக்கு, பாஸ்புக் இவற்றில் திடீரென்று குழப்பம். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறப்பதில் தவறில்லை, கண்ணாடி எதற்கு என்று மறந்தால்தான் ஆபத்து. நகையைத் தானே புடவை மடிப்பில் ஒளித்துவிட்டு, வேலைக்கு வரும் பெண் எடுத்துவிட்டாள் என்று சொல்வதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எத்தனை அப்பாவிப் பெண்கள் அதனால் வேலை இழந்திருப்பார்கள்! இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: நகைச்சுவை உணர்வே மாறுவது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை டிமென்ஷியாவில் (ஞாபகத்தையும் சிந்தனையையும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும் நோய்) சிரிப்பின் ரசனை மாறுவதை, நோய் கண்டுபிடிப்பதற்குப் பல வருடம் முன்பே குடும்பத்தார் கவனித்திருந்தது தெரிந்தது. சாவு வீட்டில் சிரிப்பது, யாராவது வழுக்கி விழுந்தால் விழுந்து விழுந்து சிரிப்பது போன்றவை. ஆய்வு சின்னது, எல்லாருக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆனால் அமைதியாகக் கிண்டல் செய்கிறவர் திடீரென்று சத்தமாக, பொருத்தமில்லாமல் சிரிக்க ஆரம்பித்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

எண்ணிக்கையும் தெரிந்திருப்பது நல்லது. 2023-இல் வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். சின்ன எண் இல்லை. ஆனால் நூற்றில் தொண்ணூற்றிரண்டு பேர் வெறும் மறதிக்காரர்களாகவே கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது.

டாக்டரிடம் காட்டச் சொல்வதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. மறதி என்று வருகிறவர்களில் சிலருக்குச் சரிசெய்யக்கூடிய காரணம் கிடைக்கும். வைட்டமின் பி12 குறைவு முதலாவது. சைவம் மட்டும் சாப்பிட்டு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் பல வருடமாகப் போடுகிறவர்களுக்கு அது குறைய இரண்டு காரணம் ஆகிவிடுகிறது. தைராய்டு குறைவு அடுத்தது. தூக்க மாத்திரை, சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் பழைய ரக மாத்திரை இரண்டும் வயதானவர்களின் மூளையை மப்பாக்கும். மனச்சோர்வு மறதி வேஷம் போட்டுக்கொண்டு வரும், அப்பா போன பிறகு அம்மாக்களுக்கு நிறைய. காது! பாதி வீடுகளில் “சொன்னேனே, மறந்துட்டியா” என்று சண்டை நடப்பது மறந்ததால் இல்லை, காதில் விழாததால். காது மந்தத்தைக் கவனிக்காமல் விடுவது டிமென்ஷியா வரும் வாய்ப்பை ஏற்றுகிற காரணங்களில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கையும் சொல்கிறது. மாற்றிக்கொள்ளக்கூடிய காரணங்கள் என்று மொத்தம் 14-ஐ அது பட்டியலிட்டிருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொள்ள வெட்கப்படாத நாம் காதுக் கருவிக்கு ஏன் இவ்வளவு வெட்கப்படுகிறோம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

சரி, சிரிக்கலாமா? அம்மா ஆரம்பித்தால் தாராளமாகச் சிரியுங்கள். அவர் ஆரம்பிக்காதபோது நீங்கள் ஆரம்பிக்காதீர்கள், முக்கியமாக விருந்தாளிகள் முன்னால். மறந்தவர் சொன்னால் கதை, மற்றவர் சொன்னால் புகார். ‘எனக்கு மூளை மழுங்கிப் போச்சு, அவ்வளவுதான்’ என்று அவர் தினமும் சொல்லிச் சிரித்தால் அதை மட்டும் மெல்ல மாற்றிவிடுங்கள். முதுமையைப் பற்றி இழிவான சொற்களைக் கண் பதிவதற்குள் திரையில் காட்டி மறைத்துவிட்டுச் சோதித்தால் முதியவர்களின் ஞாபக மதிப்பெண் குறைகிறது என்று பெக்கா லெவி என்ற ஆய்வாளர் 1996-இல் காட்டினார். அதன் பிறகு மற்றவர்கள் செய்த இந்த வகைச் சோதனைகளில் முடிவு ஒரே மாதிரி வரவில்லை. இருந்தாலும் அந்த வாக்கியத்தை வீட்டில் ஓடவிடாமல் இருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. சிரிப்பு டிமென்ஷியாவைத் தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள், அதற்கு ஆதாரம் கிடையாது. ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கு? சிட்னியில் 35 முதியோர் இல்லங்களில் கோமாளி வேடக்காரர்களை அனுப்பிச் செய்த சோதனையில் மனச்சோர்வு குறையவில்லை, படபடப்பும் ஆத்திரமும் குறைந்தன. அது ஒன்றும் கொஞ்சமில்லை. என் சிலேடை மன்னர் பெயர்களை எல்லாம் இழந்த பிறகும் அவர் மனைவி ஒரு வேலை செய்வார். சாப்பாட்டுத் தட்டை நீட்டி “விநியோகம் மேலிடம்” என்பார். அவர் சிரிப்பார். எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்று நான் கேட்டதில்லை.

வல்லாரைக்கு வருகிறேன். துவையலாக, கீரையாக வாரத்தில் ஒரு நாள் வைத்துக் கொடுங்கள், எனக்கும் பிடிக்கும். ஞாபகத்துக்கு மருந்து என்று சொல்லுமளவுக்குச் சோதனைகள் இல்லை, நடந்தவை சின்னவை. கடையில் பிராமி என்று விற்பது பல நேரம் நீர்ப்பிரமி, அது வேறு செடி. வல்லாரைச் சாற்றை வற்றவைத்துச் செய்த மாத்திரைகளைச் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதித்ததாகப் பதிவுகள் உண்டு, எனவே கேப்ஸ்யூல் வேண்டாம்.

எங்கே காட்டுவது என்றால், முதலில் உங்கள் குடும்ப டாக்டரிடமே. ரத்தப் பரிசோதனைகளும் காதுப் பரிசோதனையும் அங்கேயே தொடங்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் சென்னைக்காரர்களுக்கு வசதி அதிகம்: சென்ட்ரல் எதிரே அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறந்தார்கள், நங்கநல்லூரிலிருந்து பக்கம்தான், அண்ணா நகரில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு டிமென்ஷியாவுக்கென்று தனிப் பிரிவு நடத்துகிறது. 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் உண்டு. போவதற்கு முன் அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள், கடையில் கேட்டு வாங்கியவை உட்பட. ஆறு மாதம் முன்னால் எப்படி இருந்தார், இப்போது எப்படி என்று தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கவனித்த அளவுக்கு நீங்கள் கவனித்திருக்கிறீர்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். உள்ளே போன பிறகு நீங்கள் யாரும் எடுத்துக் கொடுக்காமல், மோட்டார் கதையை அம்மாவே டாக்டரிடம் சொல்லட்டும்.